கேமராவுக்குப் பக்கத்து நாற்காலி

அந்தப் போட்டோவைக் கவிழ்த்து வையுங்கள், தம்பி. அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு என்னால் பேச முடியாது. டால்பட்தான், சந்தேகம் வேண்டாம். காது இன்னும் கொஞ்சம் பெரிசு. போட்டோக்காரன் தயவு பண்ணியிருக்கிறான்.

நீங்கள் என் வீட்டுக்காரரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள், தெரியும். டால்பட் துரையின் உதவி டைரக்டர் தியாகேசன். அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். எழுந்து வந்தாலும் 'துரை மகா மேதை' என்பார். அதை எழுதிக்கொள்ள மெட்ராஸிலிருந்து கோயமுத்தூருக்கு ரயிலேற வேண்டியதில்லை. ஒரு கார்டு போட்டால் போதும். அது வரைக்கும் என்னோடு பேசுங்கள். பேனா அதே பேனாதானே?

ஃபிலிம் சொசைட்டி என்றால் சம்பளம் உண்டா? இல்லையா. சரி, வீட்டில் இருப்பவர்கள் பொறுமைசாலிகள்.

இப்போது அமெரிக்காவில் அவனுக்கு விழா எடுக்கிறார்கள் என்கிறீர்கள். தமிழே தெரியாமல் மூன்று தமிழ் டாக்கி எடுத்த மகான். தமிழ் ரசிகனின் நாடியை விரல் வைக்காமலே அறிந்தவன். ஊர் திரும்பிய பிறகு ஒரு வரிகூட எழுதாமல், ஏதோ ஒரு சின்ன ஊரில் வீட்டுத் தரகு பார்த்துச் செத்துப் போனான். ஏன் எழுதாமல் விட்டான் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படித்தானே சொன்னீர்கள்? எனக்கு மட்டும் என்ன தெரியும். நம் வெயில் சில பேர் மண்டையில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

நாடி என்றீர்களே, அதைச் சொல்கிறேன். நாடி இல்லை தம்பி. என் மூஞ்சி.

சிரிக்காதீர்கள். இல்லை, சிரித்தால் சிரியுங்கள், கையை வாயில் வைக்காமல் சிரியுங்கள். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கான்வென்டில் மெட்ரிக் முடித்தவள். சிஸ்டர் பிரிஜிட் என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு, 'கண்ணை மூடிக்கொண்டால் நீ லண்டனில் இருக்கிறாய்' என்பார். கண்ணைத் திறந்தால் நான் பஞ்சாலை முதலாளி தண்டபாணிக் கவுண்டருடைய ஸ்டூடியோ ஆளுக்குப் பெண்டாட்டி. கவுண்டர் பஞ்சில் வந்த லாபத்தைச் சினிமாவில் போட்டார். பம்பாயிலிருந்து ஒலிப்பதிவு மிஷின் வந்தது, கப்பலில் டால்பட் வந்தான். வெள்ளைக்காரன் பேசுவதைத் தமிழாக்கிச் சொல்வதற்கு என் வீட்டுக்காரர் போனார். அவருக்கு இருந்தது எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலம். துரை ஒரு முழம் பேசினால் இவர் ஒரு சாண் சொல்வார். மிச்சத்தைச் சாயந்திரம் வீட்டில் வந்து என்னிடம் கேட்பார்.

ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கப் போனேன். அந்தக் காலத்து ஷூட்டிங் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மைக்கைப் பூத்தொட்டிக்குள் ஒளித்துவைத்திருப்பார்கள். கதாநாயகி பூவைப் பார்த்துத்தான் புருஷனிடம் பேச வேண்டும். காக்காய் விரட்டுவதற்கென்று ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். யாரும் இருமக் கூடாது. அன்றைக்குக் கனகாம்புஜம் அழுதுகொண்டிருந்தாள். நாடகக்காரி, சாரீரம் கணீரென்று இருக்கும். அழுதாள், அழுதாள், பாடிக்கொண்டே அழுதாள், தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. பெரிய கொட்டாவி.

டால்பட் பார்த்துவிட்டான். கையைத் தூக்கிப் படத்தை நிறுத்தினான். "யார் அந்தப் பெண்?"

என் வீட்டுக்காரருக்கு வேர்த்துவிட்டது. "என் சம்சாரம் சார். தெரியாம வந்துட்டா. இனிமே வர மாட்டா."

"வராமல் இருந்தால்தான் உன்னை வேலையை விட்டு அனுப்புவேன்" என்றான்.

மறுநாளிலிருந்து கேமராவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பிரம்பு நாற்காலி. கதை என்னவென்று எனக்குச் சொல்லக் கூடாது. நானும் படம் நடக்கும்போது அவனிடம் ஒன்றும் சொல்லக் கூடாது. உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவன் நடிப்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, என் முகத்தையே பார்ப்பான். என் முகம் அசைந்தால் அந்த ஷாட் சரி. அசையாவிட்டால் மறுபடியும். "இந்த ஊரில் எல்லோரும் என்னிடம் ஆமாம் சொல்கிறார்கள், மிஸஸ் தியாகேசன். உங்கள் முகத்துக்கு அந்த மரியாதை தெரியவில்லை" என்றான்.

பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். இருபது வயசு.

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேனா, உடனே நிறுத்துவான். "துணியை எடு." சத்தமும் வரக் கூடாது, மைக் பிடித்துவிடும். அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவே பல் தெரிய, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு ஒரு குடும்பப் பெண். நான் வீட்டுக்காரரைப் பார்ப்பேன். அவர், "எடுத்துடு லோகு, துரை சொல்றார்ல" என்பார். என் மாமியார் காதுக்கு இது எட்டியபோது வீட்டில் நடந்ததை உங்கள் புத்தகத்தில் போட முடியாது.

கனகாம்புஜம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "நான் நடிக்கிறது ஜனங்களுக்கா, இல்லே இந்தத் தூக்குச்சட்டிக்கா?" தூக்குச்சட்டி என்றே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் அவன் என்னோடு பேசுவான். அங்கே முழு வாக்கியம் பேசக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். பேசாத படக் காலத்தில் அவன் ஊரில் அட்டை எழுதிக்கொண்டிருந்தானாம். படத்துக்கு நடுவே வருமே, 'மறுநாள் காலை', 'அவள் நெஞ்சு உடைந்தது', அந்த அட்டைகள். படம் பேச ஆரம்பித்ததும் வாய்ப்பேச்சு எழுத ஆளில்லாமல் ஸ்டூடியோக்காரர்கள் தெருத்தெருவாகத் தேடினார்களாம். இவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையை வேடிக்கையாக எழுதுவதில் பெயர் வாங்கினான். கல்யாணமே ஆகாதவன். பிறகு அவனே இரண்டு படம் டைரக்ட் பண்ணினான். முதலாவது தப்பியது. இரண்டாவதில் கதாநாயகி பேசாத படத்தில் மகாராணியாக இருந்தவள், வாயைத் திறந்தால் தகரம். அழ வேண்டிய இடத்தில் கொட்டகையே சிரித்தது. இவன் திரைக்குப் பக்கத்தில் நின்று, படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிரிக்கிற முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். "படம் திரையில் ஓடவில்லை, அந்த முகங்களில்தான் ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்" என்றான். பெரிய ஞானோதயம். அதற்கப்புறம் அவனுக்கு அங்கே யாரும் வேலை கொடுக்கவில்லை.

இங்கே முதல் படம் ஓடியது. இரண்டாவது அதைவிட ஓடியது. என் மூஞ்சி எங்கே சலித்ததோ அங்கே வெட்டினான், எங்கே விழித்ததோ அங்கே நீட்டினான். பத்திரிகையில் எழுதினார்கள், 'அமெரிக்க மேதைக்குத் தமிழ் மக்களின் இதயம் தெரிந்திருக்கிறது' என்று. திரையில் காக்காய் விரட்டியவன் பெயர்கூட வந்தது. நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை தம்பி. சும்மா சொல்கிறேன், வந்தது என்று.

மூன்றாவது படம். அதற்குத்தானே வந்தீர்கள்.

அது அவனே எழுதிய கதை. திருவிழாக் கூட்டத்தில் ஒரு பிள்ளை தொலைந்து, ஊரை ஏமாற்றிப் பிழைக்கிற ஒரு கூட்டத்திடம் போய்ச் சேருகிறது. தாய் தேடுகிறாள். இவர்கள் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறார்கள், முடியவில்லை. முழுக்க முழுக்கச் சிரிப்பு, கடைசியில் பிள்ளை கிடைத்துவிடும். நகைச்சுவைக்குத் தஞ்சாவூர் பக்கிரிசாமி. தமிழில் போட ஒரு புலவர், அவரோடு என் வீட்டுக்காரர். டால்பட் என்னிடம் சொன்னான், "இது ஒன்று சரியாக வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்க் காட்டுவேன். மறுபடியும் உள்ளே விடுவார்கள். வராவிட்டால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை." அவனுக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது.

எனக்கு அப்போது ஐந்து மாசம்.

தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை என்று நர்ஸ் சொன்னாள். அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தீட்டுக்கூடக் கழியவில்லை. வீட்டுக்காரர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "லோகு, துரை ஒரு ஷாட்டும் எடுக்க மாட்டேங்கறான். நாற்காலி காலியா இருக்குங்கறான். கவுண்டர் சத்தம் போடறார். சும்மா வந்து உக்காரு. உக்கார்றதுக்கு என்ன?"

நியாயம்தானே. உட்கார்வதற்கு என்ன.

வண்டியில் போகும்போது சொன்னார், "காய்ச்சல்னு சொல்லியிருக்கேன். அவன்கிட்ட இதெல்லாம் சொல்லிவைக்காதே. பாவம்னு வேற ஆளை உக்கார வெச்சுட்டான்னா அப்புறம் நமக்கு அங்கே என்ன இருக்கு?" அவரும் பாவம், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்கு வண்டியில் எனக்கு முதுகுக்குத் தலையணைகூட எடுத்து வந்திருந்தார்.

டால்பட் என்னைப் பார்த்ததும், "காய்ச்சல் தேவலையா?" என்றான். "தேவலை, மிஸ்டர் டால்பட்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலு மாசம், பகல் முழுக்க, ஒரு கை தூரத்தில் நின்று என் முகத்தையே பார்த்தான் தம்பி. கட்டின புருஷன் ஆயுசுக்கும் பார்க்காத அளவு பார்த்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'உனக்கு என்ன' என்று கேட்கவில்லை. முகத்திலிருந்து எல்லாம் தெரியும் என்றவன்.

பக்கிரிசாமி நடிப்பார். என் முகம் அசையாது. மறுபடியும் எடுப்பார்கள். மறுபடியும் அசையாது. பக்கிரிசாமி இடைவேளையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டார். "அம்மா, உங்க மூஞ்சியிலதான் எங்க வீட்டு உலை கொதிக்குது. ஒரு பல்லு காட்டுங்க. முன்பல்லு வேணாம், கடைவாய்ப் பல்லு போதும்." அப்போதுகூட எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எழுந்து போகும்போது, "கல்லுப் பிள்ளையார்கூட மோதகத்தைக் கண்டா கொஞ்சம் இளகும்" என்று முனகிக்கொண்டு போனார். அவர் காட்சிகளை ஒவ்வொன்றாக வெட்டினான் டால்பட். வெட்டிய அன்றைக்கு அவன் சாப்பிட மாட்டான். ஆனால் வெட்டுவான். முகம் பொய் சொல்லாதாம்.

பிறகு திருவிழாக் காட்சி வந்தது. தாய் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். கூட்டத்தில் அதே பெயருள்ள பிள்ளைகள் எல்லாம் 'என்னம்மா' என்று ஓடிவருகிறார்கள், அவள் பிள்ளையைத் தவிர. சிரிப்புக்காக எழுதியது. கனகாம்புஜம் கூப்பிட்டாள். பிள்ளைகள் ஓடிவந்தன. நான் அழுதுவிட்டேன். சத்தம் வரவில்லை, அதுதான் பழகியிருந்தேனே. முந்தானையையும் எடுக்கவில்லை. அதுவும் பழக்கம்.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். கேமராமேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "கிடைத்துவிட்டது" என்றான். அப்புறம், "மறுபடியும்."

மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் ஓடிவந்தன. கிட்டே வைத்து எடுத்தான், தள்ளி வைத்து எடுத்தான், பக்கவாட்டில் எடுத்தான். நான் ஒவ்வொரு தடவையும் அழுதேன், அவன் ஒவ்வொரு தடவையும் சந்தோஷப்பட்டான். வெயில் சாய்கிற வரைக்கும் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். என்ன பெயர் என்று கேட்காதீர்கள்.

அன்றிலிருந்து கதையை மாற்ற ஆரம்பித்தான். தாய் தேடுகிற காட்சி, தாய் தொட்டிலைப் பார்க்கிற காட்சி, தாய் குளத்தடியில் உட்கார்ந்திருக்கிற காட்சி. ராத்திரி எழுதுவான், காலையில் என் வீட்டுக்காரர் தமிழாக்குவார். தலையைக் குனிந்துகொண்டு எழுதுவார். அவர் என்ன செய்வார், கொடுத்ததை எழுதுகிற வேலை. கடைசியில் பிள்ளை கிடைக்கவே இல்லை என்று மாற்றியபோதுதான் புலவர் வாயைத் திறந்தார். "மங்களமா முடியணுமுங்க, ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க." கவுண்டர் அவரை அடக்கிவிட்டார். "தொரைக்கு நாடி தெரியுமப்பா. ரெண்டு படம் பாத்தீல்ல? நீ பாட்டை எழுதீட்டுப் போ."

படம் வந்தது. பக்கிரிசாமி பெயரைச் சுவரொட்டியில் பார்த்துவிட்டுச் சிரிக்க வந்த ஜனங்கள். முதலில் சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள். பிறகு, "அந்தப் புள்ளையைக் குடுத்துத் தொலைங்கடா, வீட்டுக்குப் போகணும்" என்று ஒருத்தன் கத்தினான், கொட்டகையே கைதட்டியது. அந்தப் படத்துக்கு விழுந்த ஒரே கைதட்டல் அதுதான். பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பாதியில் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் இருந்தார். அந்தத் திருவிழாக் காட்சி வந்தபோது வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். அவருக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. கும்பல் சத்தத்தில் தலைவலி வந்திருக்கும்.

கவுண்டர் ஸ்டூடியோவை மூடிப் பஞ்சுப் பொதி அடுக்கிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு ஆலையிலேயே டைம்கீப்பர் உத்தியோகம். அதிலேயே இன்றைக்கு வரைக்கும்.

இப்போது நீங்கள் வாசித்துக் காட்டினீர்களே, அமெரிக்கப் பத்திரிகையில் அவன் சொன்னானாம், 'தமிழர்கள் இயல்பிலேயே துயரமான மக்கள், அவர்களுக்குச் சிரிப்பு எளிதில் வராது, வருஷக்கணக்கில் அருகிலிருந்து பார்த்தேன்' என்று. பாருங்கள் அநியாயத்தை. ஒருத்தி பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால், அதை ஒரு ஜாதி ஜனத்தின் சுபாவம் என்று சொல்லிவைக்கிறான். கேட்டிருந்தால் போயிற்று. வாய் இருக்கிறது, எனக்கும் அவன் பாஷை தெரியும்.

கேட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தடவை. அது கணக்கில் சேராது.

கப்பலேறப் போவதற்கு முன்பு ஜட்காவில் வீட்டுக்கு வந்தான். நம் வீட்டு வாசலில் வெள்ளைக்காரன் நின்றால் தெருவே கூடும், கூடியது. சட்டை கசங்கியிருந்தது, இளைத்திருந்தான். என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டார். அவன் உட்காரவில்லை.

"மிஸஸ் தியாகேசன், இனிமேல் நான் உங்களுக்கு வேலை கொடுக்கிறவன் இல்லை. அதனால் கேட்கிறேன். பக்கிரிசாமிக்கு நான் எழுதின காட்சிகள். நீங்கள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. நான் வேடிக்கை என்று நினைத்துத்தான் எழுதினேன். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அவை வேடிக்கையாக இல்லையா? வேறு ஏதாவது காரணமா?"

என் வீட்டுக்காரர் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். "வேறு காரணம் ஒன்றுமில்லை, மிஸ்டர் டால்பட். அவை வேடிக்கையாகவே இல்லை." உச்சரிப்பில் ஓர் இடம் பிசகவில்லை. சிஸ்டர் பிரிஜிட் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

அவன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான், பழைய மாதிரியே குனிந்து. நான் அசையவில்லை. பிறகு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நன்றி. என்னிடம் நிஜம் சொன்ன ஆள் இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒருத்திதான்" என்றான். ஜட்கா தெருமுனை திரும்புகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் மூச்சு விடவில்லை. திரும்பியதும், "நல்லவேளை லோகு" என்றார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்.

ஏன் எழுதாமல் நிறுத்திவிட்டீர்கள்? மை தீர்ந்துவிட்டதா? இங்கே பென்சில் இருக்கிறது.

அந்தக் காட்சிகளா? அதில் ஒன்று சொல்கிறேன், படத்தில் இல்லை, வெட்டிவிட்டான். பக்கிரிசாமி பக்கத்து வீட்டுக்காரனுடைய ஆட்டை அவிழ்த்துவந்து, அந்தப் பக்கத்து வீட்டுக்காரனிடமே விற்பார். அவன் பேரம் பேசுவான். "இது என்ன ஆடு, எலும்பும் தோலுமா இருக்கு, சோறு போட்டவன் எந்தக் கஞ்சப் பயலோ" என்பான். பக்கிரிசாமி, "அவனைச் சொல்லாதீங்க, நல்ல மனுசன், கொஞ்சம் மக்கு" என்பார். விலை தீர்ந்ததும் ஆடு தானாக நடந்து போய் அதனுடைய பழைய முளைக்குச்சியில் நின்றுகொள்ளும். அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டுவான், "பாத்தியாடி, வந்த உடனே வீட்டைப் பழகிக்கிச்சு. நான் பாத்து வாங்குன ஆடு."

பார்த்தீர்களா, உங்களுக்கே சிரிப்பு வருகிறது. சொல்லுகிற எனக்கும்தான் வருகிறது. இத்தனை வருஷமாக அடுப்படியில் தனியாக நிற்கும்போது திடீரென்று ஞாபகம் வரும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பேன். என் பெண் என்னவோ ஏதோ என்று ஓடிவருவாள். நல்ல எழுத்து தம்பி அது. அப்படி எழுத இங்கே இன்றைக்கும் ஆள் கிடையாது.

அதை நான் எதற்கு அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும்?